பெங்களூரு ப்ளே ஸ்கூலுக்கு மேப்பிள் இலை எதற்கு? குழந்தைகளின் 'ஃபால் தீம்' பற்றி ஒரு விளக்கம்

அக்டோபர் மாதம். ராத்திரி ஒன்பதரை மணி. கடைசி மீட்டிங்கை முடித்துவிட்டு லேப்டாப்பை மூடுகிறீர்கள். ப்ளே ஸ்கூல் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்து விழுகிறது. "அன்பான பெற்றோர்களே, வெள்ளிக்கிழமை நம் பள்ளியில் ஃபால் டே. குழந்தைகள் ஆரஞ்சு அல்லது பிரவுன் நிற டிரெஸ்ஸில் வரவும். மேப்பிள் இலை கட்அவுட் ஐந்து, சின்ன பூசணி ஒன்று கொடுத்து அனுப்பவும்."

ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருக்கிறது. தெருவில் நிற்கும் புங்கமரம் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. ஒரு இலைகூடப் பழுக்கவில்லை. ஆனாலும் நீங்கள் கூகுளில் தேடி, ஏ4 ஷீட்டில் பிரிண்ட் எடுத்து, பதினோரு மணிக்கு உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டுகிறீர்கள். வெள்ளிக்கிழமை மாலை, சுவரில் ஒட்டிய ஆரஞ்சு இலைகளுக்கு முன்னால் உங்க பாப்பா நிற்கும் போட்டோ வருகிறது. ஹார்ட் போடுகிறீர்கள்.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. வெட்டியது நீங்கள். ஒட்டியது டீச்சர். அப்படியானால் குழந்தை என்ன செய்தது?

பெங்களூரு, ஹைதராபாத், புனே, குருகிராம் என்று எந்த ஊரில் நீங்கள் வேலை பார்த்தாலும் இந்த மெசேஜ் உங்களுக்குப் புதிதாக இருக்காது. இந்த 'ஃபால் தீம்' எங்கிருந்து வந்தது, அதில் உண்மையாகவே நல்லது என்ன இருக்கிறது, நம்ம ஊருக்கு வரும்போது எது தொலைந்து போகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஃபால் தீம் என்றால் என்ன?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பள்ளி ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குகிறது. குழந்தைகள் வகுப்புக்குப் பழகி முடிப்பதற்குள் அக்டோபர் வந்துவிடும். அந்த நேரத்தில் அங்கே மேப்பிள், ஓக், பிர்ச் மரங்களின் இலைகள் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாக மாறிக் கொட்டுகின்றன. பூசணியும் ஆப்பிளும் அறுவடையாகி மலிவாகக் கிடைக்கும். ஓக் மரத்தடியில் அதன் கொட்டைகள் உருண்டு கிடக்கும்.

அங்கே டீச்சர் எதையும் ஆர்டர் போட வேண்டியதில்லை. கதவைத் திறந்தால் பாடப்பொருள் காலடியில் கிடக்கிறது. குழந்தைகளே கூடையில் பொறுக்கி வந்து வகுப்புத் தரையில் கொட்டுவார்கள். அடுத்த இரண்டு, மூன்று வாரங்கள் எல்லா வேலையும் அந்தக் குவியலை வைத்துத்தான் நடக்கும். இதைத்தான் 'ஃபால் தீம்' என்கிறார்கள். அலங்காரம் அதற்குப் பிறகு வருவது.

அந்தக் குவியலில் குழந்தை என்ன கற்கிறது?

விளையாட்டு மாதிரிதான் தெரியும். உள்ளே நடப்பது வேறு. நான்கு உதாரணங்களைப் பாருங்கள்.

பிரித்து வைப்பது: இலைகளை நிறம் வாரியாக மூன்று குவியலாக வைக்கச் சொல்கிறார் டீச்சர். பிறகு அதே இலைகளை அளவு வாரியாக மாற்றி வைக்கச் சொல்கிறார். அதே பொருளை இரண்டு விதமாக வகைப்படுத்த முடியும் என்பது நான்கு வயதுக் குழந்தைக்குப் பெரிய கண்டுபிடிப்பு. நீங்கள் எக்செல்லில் ஒரு காலத்தை வைத்து சார்ட் செய்துவிட்டு, பிறகு வேறொரு காலத்துக்கு மாற்றுகிறீர்கள் இல்லையா, அதற்கு இதுதான் அடிப்படை.

வரிசைப்படுத்துவது: சின்னதிலிருந்து பெரியது வரை ஐந்து இலைகளை அடுக்குவது. நடுவில் இருக்கும் இலை ஒன்றைவிடப் பெரியது, இன்னொன்றைவிடச் சின்னது. ஒரே இலை ஒரே நேரத்தில் 'பெரியது', 'சின்னது' இரண்டாகவும் இருக்க முடியும் என்பதைக் கையால் செய்து பார்த்தால்தான் அந்த வயதில் பிடிபடும்.

ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது: முட்டை அட்டையின் ஒவ்வொரு குழியிலும் ஒரு கொட்டை. வாயால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒப்பிக்கும் குழந்தைக்கு எண்ணத் தெரியும் என்று அர்த்தமில்லை. ஒரு எண்ணுக்கு ஒரு பொருள் என்று கை நகரும்போதுதான் எண்ணுதல் தொடங்குகிறது.

சார்ட் போடுவது: சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று வகை ஆப்பிளை வெட்டி எல்லோரும் ருசி பார்ப்பார்கள். பிடித்த ஆப்பிளுக்கு நேராக ஒவ்வொருவரும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எந்த வரிசை உயரமாக இருக்கிறது, எது குட்டையாக இருக்கிறது என்று டீச்சர் கேட்பார். டேட்டாவை வைத்துப் பிழைப்பு நடத்தும் எனக்கு இதுதான் மிகவும் பிடித்த ஆக்டிவிட்டி. எண்களையே எழுதத் தெரியாத ஒரு குழந்தை தன் வாழ்க்கையின் முதல் பார் சார்ட்டைப் படித்துவிடுகிறது.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்டால், ஆம். 2007-ல் கிரெக் டங்கனும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆறு தரவுத் தொகுப்புகளை அலசினார்கள். பள்ளியில் சேரும் வயதில் எண், அளவு, வரிசை பற்றிய அடிப்படைப் புரிதல் இருந்த குழந்தைகள் பிற்காலப் படிப்பில் முன்னால் நின்றார்கள். கணக்கில் மட்டுமில்லை, வாசிப்பிலும்தான். ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று இந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் தொடர்பு வலுவானது.

நம் நாட்டுப் பக்கம் வருவோம். 2024-ம் ஆண்டின் ஏசர் அறிக்கைப்படி, ஊரக இந்தியாவில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் சுமார் 27%. கழித்தல் கணக்கு போட முடிந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். மூன்றாம் வகுப்பில் தெரியவரும் இந்த இடைவெளிக்கான வேலையை மூன்று, நான்கு வயதிலேயே தொடங்க வேண்டும் என்பதுதான் கல்வியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது.

அப்படியானால் நல்லதுதானே, பிரச்சினை எங்கே?

பிரச்சினை இலையில் இருக்கிறது. அதாவது, இலை இல்லாமல் இருப்பதில்.

மேலே சொன்ன நான்கு வேலைகளையும் மறுபடி படித்துப் பாருங்கள். எதுவுமே மேப்பிள் இலையால் நடக்கவில்லை. கைநிறைய நிஜமான இலைகள் இருப்பதால் நடக்கிறது. ஒவ்வொரு இலைக்கும் வேறு வேறு எடை, வாசனை, சொரசொரப்பு, கிழிசல், பூச்சி கடித்த ஓட்டை இருப்பதால் நடக்கிறது. நம் வகுப்பறைக்கு வரும்போது இந்தக் குவியல் ஒரு பிரிண்ட்அவுட்டாகச் சுருங்கிவிடுகிறது. ஐந்து கட்அவுட்டும் ஒரே அளவு, ஒரே நிறம். அதில் பிரிப்பதற்கு என்ன இருக்கிறது? வரிசைப்படுத்துவதற்கு என்ன இருக்கிறது?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பொருளும் அதைக் குறிக்கும் படமும் எப்படித் தொடர்புடையவை என்பதைக் குழந்தைகள் மெதுவாகத்தான் கற்கிறார்கள். 1987-ல் உளவியலாளர் ஜூடி டிலோச் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு அறையின் சின்ன மாடலில் குட்டி பொம்மையை ஒளித்துவைத்துக் காட்டினார். நிஜ அறையில் அதே இடத்தில் பெரிய பொம்மை இருக்கும். மூன்று வயதை எட்டிய குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்களைவிட ஆறு மாதம் இளைய குழந்தைகள் பெரும்பாலும் திணறினார்கள். 'இது அதைக் குறிக்கிறது' என்ற தொடர்பே அந்த வயதில் இப்போதுதான் முளைத்துக்கொண்டிருக்கும் திறன்.

நிஜ அறை கண்ணெதிரே இருக்கும்போதே இப்படி. குழந்தை வாழ்நாளில் பார்க்காத மரத்தின் இலையை, அதற்குத் தெரியாத ஒரு பருவத்தின் அடையாளமாகச் சுவரில் ஒட்டினால், அது குழந்தைக்கு ஒரு ஆரஞ்சு பேப்பர். அவ்வளவுதான்.

நம்ம ஊரில் இலை எப்போது உதிர்கிறது?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. ஜனவரி, பிப்ரவரி குளிர்காலம். மார்ச் முதல் மே வரை கோடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதற்குப் பிந்தைய காலம். 'ஆட்டம்' என்றோ 'ஃபால்' என்றோ அந்தப் பட்டியலில் ஒரு பருவம் கிடையாது.

தமிழில் ஆறு பெரும்பொழுதுகளைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். அதிலும் 'இலையுதிர் காலம்' இல்லை. ஐப்பசி, கார்த்திகை என்பது கூதிர், அதாவது குளிர்ந்த காற்றும் மழையும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி, சுமார் 48%, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. தண்ணீர் கொட்டும் நேரத்தில் மரம் ஏன் இலையை உதிர்க்கப் போகிறது?

குளிர் நாடுகளில் இலை உதிர்வதற்குக் காரணம் வரப்போகும் பனிக்காலம். பகல் நேரம் குறையக் குறைய, வெப்பமும் இறங்க, மரம் இலையில் இருக்கும் பச்சையத்தை உடைத்து அதிலிருக்கும் சத்தைத் தண்டுக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் உள்ளே ஏற்கெனவே இருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. மேப்பிள் போன்ற சில மரங்கள் அந்த நேரத்தில் சிவப்பு நிறமியைப் புதிதாகவும் உருவாக்குகின்றன. பிறகு காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு உருவாகி இலை கழன்று விழுகிறது.

நம் சமவெளிகளில் மரத்தின் கவலை பனி இல்லை, தண்ணீர். மழை முடிந்து மாதங்கள் கழிந்து, மண் காய்ந்த பிறகு, இலை வழியாக வெளியேறும் நீரை மிச்சப்படுத்த மரம் இலையைக் கைவிடுகிறது. அதனால் இங்கே இலை உதிர்வது பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில். டெல்லியில் வேம்பும் அரசமரமும் கொட்டித் தீர்ப்பது மாசி, பங்குனியில்தான். பெங்களூரில் புங்கமரம் மொட்டையாகி, யுகாதி நெருங்கும்போது கண்கூசும் இளம்பச்சையில் மறுபடி துளிர்க்கும். கடும் வெயிலில், மழை வருவதற்கு முன்பே துளிர்க்கும் மரங்கள் நம் காடுகளில் ஏராளம்.

அந்தத் துளிரின் நிறத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மாமரத்தின் கொழுந்து செம்பு நிறத்தில் வரும். அரசின் தளிரும் இலுப்பையின் தளிரும் அப்படித்தான். மேப்பிளுக்குச் சிவப்பைத் தரும் அதே வகை நிறமிதான் இங்கேயும் வேலை செய்கிறது. கடும் வெயிலிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் மெல்லிய தளிரைக் காப்பதற்காக இருக்கலாம் என்பது தாவரவியலாளர்களின் விளக்கம். ஆக, அவர்கள் ஊரில் சிவந்த இலை என்றால் விழப்போகும் இலை. நம்ம ஊரில் சிவந்த இலை பெரும்பாலும் இப்போதுதான் பிறந்த இலை.

கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. ஒரு இலையின் வயதுக்கு இத்தனை சொல் வைத்திருக்கும் மொழியில் பேசும் குழந்தைக்கு, 'சிவப்பு இலை என்றால் ஃபால்' என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது நஷ்டம். ஏனென்றால் அது வாசலில் பார்ப்பதற்கு நேர் எதிரானதைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. காஷ்மீர். அங்கே இலையுதிர் காலத்துக்கு 'ஹரூத்' என்று பெயரே இருக்கிறது. அக்டோபர் கடைசியிலிருந்து சினார் மரங்கள் சிவக்கும், நவம்பரில் கொட்டும். ஸ்ரீநகரில் ஒரு பாலர் வகுப்பு அக்டோபரில் ஃபால் தீம் எடுத்தால் அது அச்சு அசலான பாடம். கையில் சினார் இலை இருக்கிறது.

சரி, அக்டோபரில் நம்மிடம் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஊருக்கு ஊர் வேறு.

டெல்லி, குருகிராம்: அக்டோபரில் ஏழிலைப்பாலை பூத்து ராத்திரி முழுக்க மணக்கும். அதன் இலைகள் ஒரே கணுவில் குடைபோல் சுற்றி அமைந்திருக்கும். பெயரில் ஏழு இருந்தாலும் சிலதில் ஐந்து, சிலதில் ஆறு, சிலதில் ஏழு இருக்கும். எண்ணுவதற்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. காற்று மோசமாக இருக்கும் நாட்களில் குழந்தையை வெளியே அனுப்பாமல், விழுந்த கொத்துகளை வகுப்புக்குள் கொண்டுவரலாம்.

கொல்கத்தா: பவளமல்லி விடியலில் கொட்டிக் கிடக்கும். ஆரஞ்சுக் காம்பு, வெள்ளை இதழ். நாணல் இனத்தைச் சேர்ந்த காஷ் புல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். வங்காளிகளுக்கு சரத் காலம் வந்ததற்கு இவை இரண்டும்தான் அடையாளம்.

புனே, மும்பை: தசராவன்று 'ஆப்டா' இலையைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுப்பார்கள். இரண்டு பாதியும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக மடியும் இலை அது. சமச்சீர் என்றால் என்ன என்று வார்த்தையே சொல்லாமல் காட்டிவிடலாம். தமிழில் நாம் ஆத்தி என்று சொல்லும் மரம்தான் இது. நம் குழந்தைகளின் முதல் நூலான ஆத்திசூடியின் பெயரில் இருக்கும் அதே ஆத்தி.

பெங்களூரு: மழைக்காலத்தின் கடைசியில் மரமல்லி பூக்கத் தொடங்கும். நீளக் குழல் வைத்த வெள்ளைப் பூக்கள் காலையில் நடைபாதை முழுக்கக் கிடக்கும். நீளம் அளக்க, எண்ண, கோர்க்க எல்லாவற்றுக்கும் உதவும். பூசணி கேட்டார்கள் இல்லையா? ஆயுத பூஜைக்குத் தெருமுனை எல்லாம் சாம்பல் பூசணி குவிந்து கிடக்கும். ஒன்றை வகுப்பில் வெட்டி, கையை உள்ளே விட்டு விதை எடுக்கச் சொல்லுங்கள். வழுவழுப்பு, குளிர்ச்சி, விதையின் எண்ணிக்கை என்று அமெரிக்க வகுப்பில் ஆரஞ்சு பூசணி செய்யும் வேலை அத்தனையையும் இது செய்யும்.

சென்னை: மழை. மரவட்டை, நத்தை, மண்புழு, குடைக்காளான், தேங்கிய தண்ணீர். எது மிதக்கும், எது மூழ்கும் என்று பார்க்க ஒரு பக்கெட் போதும். நவராத்திரி நேரம் என்றால் சுண்டல் தானியங்கள் வீட்டிலேயே இருக்கும். கொண்டைக்கடலை, பட்டாணி, காராமணி, பச்சைப்பயறு நான்கையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லலாம். ராத்திரி ஊறவைத்து, காலையில் ஊறாத கடலையின் பக்கத்தில் வைத்து, எது பெருசு என்று கேட்கலாம். 'ஏன் பெருசாச்சு?' என்ற கேள்வி குழந்தையிடமிருந்தே வரும்.

இது ஏதோ புது யோசனையா?

இல்லை. பல பத்தாண்டுகள் பழசு.

தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் மகாராஷ்டிராவின் போர்டியிலும் கோஸ்பாடிலும் ஆதிவாசிக் குழந்தைகளுக்காக நடத்திய பாலர் பள்ளிகளில், வெளிநாட்டு உபகரணங்கள் வாங்கக் காசில்லாத நிலையில், சுற்றி இருந்த விதை, இலை, கல், மண் இவற்றையே கற்றல் கருவிகளாக்கினார்கள். குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையின் முற்றத்துக்குப் போகட்டும் என்ற எண்ணத்தில் பிறந்த சொல்தான் 'அங்கன்வாடி'. அங்கன் என்றால் முற்றம்.

மரியா மாண்டிசோரியின் கதையிலும் இப்படி ஒரு திருப்பம் இருக்கிறது. 1939-ல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி நடத்த வந்த அவர், இரண்டாம் உலகப் போரால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1940களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் இருந்தபோது, குழந்தைகள் மலையில் பொறுக்கி வந்த இலைகளையும் செடிகளையும் பூச்சிகளையும் வைத்து இயற்கைப் பாடங்களை விரிவாக்கினார். இன்று உலகம் முழுக்க மாண்டிசோரி பள்ளிகளில் நடக்கும் இயற்கைக் கல்வியில் கொடைக்கானல் இலைகளுக்கும் பங்கு இருக்கிறது.

2022 அக்டோபரில் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் இதையே சொல்கிறது. 3 முதல் 6 வயது வரை பாடப்புத்தகம் வேண்டாம், விளையாட்டு வழியே கற்கட்டும், உள்ளூரில் கிடைக்கும் பொருள்களைப் பயன்படுத்துங்கள் என்கிறது. இதற்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. அந்த அரசியல் வேறு விவாதம். வாசலில் கிடப்பதை வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்ற அளவில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

பிறகு ஏன் பிரிண்ட்அவுட்?

டீச்சர் மேல் பழி போடுவது சுலபம். அவர் பக்கத்தையும் பாருங்கள். ஆண்டுத் திட்டம் மேலிடத்திலிருந்து ரெடிமேடாக வருகிறது. அக்டோபர் என்றால் ஃபால், டிசம்பர் என்றால் ஸ்னோமேன். இருபது, இருபத்தைந்து குழந்தைகளை வைத்துக்கொண்டு வெளியே போய் இலை பொறுக்க இன்னொரு ஆள் வேண்டும். டிரெஸ் அழுக்கானால் பெற்றோர் கேட்பார்கள்.

இன்னொரு காரணம் நாம்தான். மாலை ஐந்து மணிக்கு ஆப்பில் போட்டோ வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஒரு குழந்தை நாற்பது நிமிடம் உட்கார்ந்து விதைகளைப் பிரித்து, மறுபடி கலந்து, மறுபடி பிரித்தால் போட்டோவில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆரஞ்சு சுவர் பளிச்சென்று தெரியும். ஃபீஸ் கட்டுபவர் எதைப் பார்க்க விரும்புகிறாரோ, அதைத்தான் பள்ளி தயாரிக்கும்.

இதன் மறுபக்கமும் யோசிக்க வேண்டியது. நாட்டில் சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் வாசலில் ஒரு வேம்போ புங்கமோ நிற்கிறது. பாடப்பொருள் இருக்கிறது. ஆனால் சத்துணவு, எடை எடுப்பது, பதிவேடு, ஆப்பில் என்ட்ரி, வீடு வீடாகப் போவது என்று எல்லாவற்றையும் பார்க்கும் பணியாளருக்கு அந்த மரத்தடியில் உட்கார நேரம் இருப்பதில்லை. பணம் இருக்கும் இடத்தில் இலை இல்லை, இலை இருக்கும் இடத்தில் நேரம் இல்லை.

அப்போ வெளியூர்ப் பருவம் எதையும் சொல்லித்தரவே கூடாதா?

தாராளமாகச் சொல்லித்தரலாம். டொரன்டோவில் சித்தி இருந்தால், வீடியோ காலில் அவர் வீட்டு வாசலைக் காட்டச் சொல்லுங்கள். 'அங்கே இலை விழுது, இங்கே மழை பெய்யுது' என்று பேசுங்கள். நம்ம வாசலைப் பார்க்கத் தெரிந்த குழந்தைக்குத்தான் சித்தியின் வாசல் வேறு மாதிரி இருப்பது ஆச்சரியமாக இருக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மூன்றே கேள்வி கேளுங்க. இந்த வாரம் குழந்தை கையால் தொட்ட நிஜமான பொருள் என்ன? அதை எத்தனை விதமாகப் பிரித்தது? வீட்டிலிருந்து வெட்டிக் கொடுப்பதற்குப் பதிலாக நாங்கள் பொறுக்கிக் கொடுத்தால் போதுமா? சண்டை போடும் தொனி வேண்டாம். மூன்றாவது கேள்வியைக் கேட்டால் பல டீச்சர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள்.

வீட்டில் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஒரு துணிப்பை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வாருங்கள். மரத்திலிருந்து பறிக்க வேண்டாம், விழுந்ததை மட்டும் எடுக்கட்டும். வீட்டுக்கு வந்து பழைய பேப்பரில் கொட்டி, 'உனக்கு எப்படிப் பிரிக்கணும்னு தோணுதோ அப்படிப் பிரி' என்று விட்டுவிடுங்கள். நிறம், அளவு என்று நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். ஓட்டை இருப்பது, இல்லாதது என்று அது பிரிக்கலாம். அதுவும் சரிதான். பிறகு நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி ஒரு இலையை வைத்து, மேலே வெள்ளைத் தாளைப் போட்டு, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். நரம்புகள் ஒவ்வொன்றாகத் தாளில் எழுந்துவரும்போது குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சின்ன விதை, கடலை எதையும் தனியாகக் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழலில் சிக்கும். பெரிய குழந்தை என்றாலும் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளாமல் கூடவே இருங்கள். குன்றிமணி அழகாக இருக்கும், ஆனால் மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அரளியின் எல்லாப் பாகமும் விஷம். எருக்கு, ஏழிலைப்பாலை போலப் பால் வடியும் செடிகளில் காய்ந்து விழுந்ததை மட்டும் தொடட்டும். பொறுக்கி முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

கடைசியாக ஒன்று. போனை எடுத்து, காலண்டரில் பிப்ரவரி கடைசி வாரத்துக்கு ஒரு ரிமைண்டர் போட்டுவையுங்கள். 'வாசல் மரத்தைப் பார்க்கவும்' என்று எழுதினால் போதும். அன்றிலிருந்து வாரம் ஒரு முறை, அதே மரம், அதே இடத்தில் குழந்தையை நிறுத்தி ஒரு போட்டோ எடுங்க. ஆறு அல்லது ஏழு வாரத்தில் இலை பழுத்து, கொட்டி, கிளை வெறுமையாகி, தளிர் வந்திருக்கும். போட்டோக்களைப் பிரிண்ட் போட்டுக் கலைத்துக் கொடுத்து வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள்.

அது குழந்தை தானே சேகரித்த டேட்டா. அந்தப் பிரிண்ட்அவுட்டை எடுக்க மட்டும் ராத்திரி பதினோரு மணி வரை விழித்திருக்கலாம்.